ஓடை மணலிலிருந்து தாதுப் பாறைக்கு: நெல்லைச் சீமையில் உலோகம் தேடும் முறை

நெல்லைச் சீமை ஓடைகளில் மின்னுவதற்குக் குறைவில்லை. காக்காப்பொன் (மைக்கா) வெயிலில் பளபளக்கும். கார்னெட் மணல் செக்கச் செவேலென்று கரை ஒதுங்கும். கிராஃபைட் விரலில் பென்சில் கரியாக ஒட்டும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் உடைந்த கல்லுக்குள் மஞ்சளாகச் சிரிக்கும். இவற்றைப் பார்த்துவிட்டுத் தங்கம், செம்பு என்று கிளம்பியவர்கள் பணத்தையும் நாளையும் தொலைத்ததுதான் மிச்சம். தாது தேடும் வேலையில் கண்ணை நம்புவது கடைசிப் படி. முதல் படி ஒரு கேள்வி: கையில் இருக்கிற இந்தப் பிடி மண் எந்தப் பாறையிலிருந்து, எந்த வழியாக இங்கே வந்தது? பதில் சொல்ல முடியாத மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது வீண் செலவு.

முதலில் அனுமதி

1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி அனுமதியில்லாமல் தாது தேடுவதே குற்றம். தோண்டி எடுத்தால்தான் குற்றம் என்று நினைக்கக் கூடாது. 2023 திருத்தத்தில் தங்கம், வெள்ளி, செம்பு, ஈயம், துத்தநாகம் உட்பட 29 கனிமங்களுக்குத் தனியாக ஆய்வு உரிமம் வந்திருக்கிறது. அதுவும் ஏலத்தில்தான் கிடைக்கும். ஆகவே இங்கே எழுதியிருப்பது உரிமம் பெற்ற நிறுவனத்திலோ அரசு ஆய்விலோ களப்பணிக்குப் போகிறவர்களுக்கும், நிலவியல் படித்துவிட்டுக் கைப்பழக்கம் தேடுகிறவர்களுக்கும். பட்டா நிலத்தில் உடையவரிடமும், புறம்போக்கில் கிராம நிர்வாக அலுவலர் வழியாகவும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். களக்காடு–முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் அதற்குள் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்காதீர்கள். மணலில் கிடைக்கும் மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருவது. அது அதிகமாகச் சேரும் கருமணலைச் சாக்கில் கட்டி வீட்டில் வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. மண்குழி போடும்போது முதுமக்கள் தாழி ஓடு தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, தொல்லியல் துறைக்குச் சொல்லிவிட்டு, இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரியா 1899 முதல் 1905 வரை தோண்டியபோது தாழிகளோடு தங்கப் பட்டங்கள் கிடைத்தன. அதை வைத்து ‘பக்கத்தில் தங்கம் விளைந்திருக்கும்’ என்று கிளம்புகிறவர்கள் இன்றும் உண்டு. தங்கம் அணிந்தவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குத்தான் அது சாட்சி. பாறையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மண்ணின் பாறை

மலையும் அதன் அடிவாரப் பொத்தைகளும் பெரும்பாலும் சார்னோகைட், கோண்டலைட், கார்னெட் நைஸ் (மூன்றும் வெப்பத்தில் உருமாறிய பாறைகள்). தாழையூத்து, ராமையன்பட்டி பக்கம் படிகச் சுண்ணாம்புக்கல். கேரளத்திலிருந்து தென்கிழக்காக இறங்கும் அச்சன்கோவில் நெரிவு மண்டலம் (பாறைகள் ஒன்றோடொன்று நழுவி நசுங்கிய நீண்ட பட்டை) தென்காசிப் பக்கமாக இந்தச் சீமைக்குள் வருகிறது. நெரிவு மண்டலங்களும், இரண்டு வகைப் பாறை சந்திக்கும் விளிம்புகளும்தான் முதலில் நடந்து பார்க்க வேண்டியவை.

இந்தப் பாறைகள் பூமியின் ஆழத்தில் 700, 800 டிகிரிக்கு மேல் வெந்து மேலே வந்தவை. பாடப் புத்தகம் தாதுவைச் சுற்றி எதைத் தேடச் சொல்கிறதோ (வெளுத்த களிமண், பச்சைக் குளோரைட், நுண்மைக்கா) அதெல்லாம் இங்கே என்றோ வெந்து வேறு கனிமமாகிவிட்டது. அந்த இடத்தில் கார்டியரைட், சில்லிமனைட், கார்னெட், பயோடைட் நெருக்கமாகச் சேர்ந்து நிற்கும். பழைய தென்னாற்காட்டு மாமண்டூரில் செம்பு, ஈயம், துத்தநாகம் இருப்பதும் இதுபோல வெந்த பாறையில்தான். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் இன்னும் பெரிய சாட்சி. 1883இல் சார்லஸ் ராஸ்ப் என்ற பண்ணைக் காவலாள் ஒரு கரிய முகட்டைத் தகரத் தாது என்று நினைத்து எல்லைக்கல் நட்டார். அடியில் இருந்தது ஈயம், துத்தநாகம், வெள்ளி. சுற்றிலும் இருப்பது நம் கோண்டலைட்டுக்கு உறவான கார்னெட்–சில்லிமனைட் நைஸ். உறவு என்பதற்காகத் தாதும் இருக்கும் என்று பொருளில்லை. நெல்லையில் இன்று இயங்குகிற தங்கச் சுரங்கமோ செம்புச் சுரங்கமோ கிடையாது.

அலசிய மணலில் கரும்பச்சை, நீலப்பச்சைத் துணுக்குகள் தென்பட்டால் எடுத்து வையுங்கள். துத்தநாகம் ஏறிய கானைட் என்ற ஸ்பைனலாக இருக்கலாம். வெந்த பாறைகளில் துத்தநாகத் தாதுவுக்கு அது நல்ல தடயம். ஆனால் இரும்பு ஏறிய ஹெர்சினைட்டும் பார்வைக்கு அப்படியே இருக்கும், அது இந்தப் பாறைகளில் சாதாரணம். நுண்கதிர்க் கருவியில் துத்தநாகம் எத்தனை சதவீதம் என்று பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

வரைபடமும் இட எண்ணும்

இந்திய நிலவியல் ஆய்வகத்தின் பூகோஷ் தளத்தில் பாறை வரைபடமும் வேதியியல் வரைபடமும் கிடைக்கின்றன. பழைய நிலவரைபடத் தாள் எண் 58எச். கிளம்பும் முன்பே ஓடைகளையெல்லாம் வரைந்து, ஒவ்வொரு மாதிரிப் புள்ளிக்கும் எவ்வளவு நிலம் வடிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். 1 முதல் 5 சதுர கிலோமீட்டர் வடிநிலம் கொண்ட சிற்றோடைகள் நல்லவை. தாமிரபரணி நடுவில் எடுத்த மணல் எல்லா மலையையும் கலந்து பேசும், ஒன்றும் புரியாது.

இந்தச் சீமையில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு கண்ணி உண்டு. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் யூடிஎம் (பூமியைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) மண்டலம் 43 முடிந்து 44 தொடங்குகிறது. ஸ்ரீவைகுண்டம் 43இல், திருச்செந்தூர் 44இல். மீட்டர் கணக்கில் எழுதி மண்டல எண்ணை விட்டுவிட்டால் கிழக்குப் பக்க மாதிரிகள் வரைபடத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்காரும். பேசாமல் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 முறையில் தசமப் பாகையாக, ஐந்து தசம இடத்தோடு எழுதுங்கள்.

ஓடையில் எங்கே எடுப்பது

பிசான அறுவடை முடிந்து ஓடை வற்றிய பிறகு, மாசி தொடங்கிச் சித்திரை வரை நல்ல பருவம். முள் நிறைந்த உடங்காட்டில் நடக்கத் தடித்த அடியுள்ள செருப்பு வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் இங்கே வந்து செய்கிற பெரிய தவறு குளத்துக்குக் கீழே மாதிரி எடுப்பது. இந்தச் சீமையில் ஓடை என்றால் பாதி தூரத்தில் ஒரு குளம் மறிக்கும். மேலிருந்து வரும் மணலும் சரளும் உள்வாயிலேயே படிந்துவிடும். மறுகால் (உபரி நீர் வழியும் இடம்) தாண்டிக் கீழே கிடப்பது பெரும்பாலும் கரையிலிருந்து அரித்த மண், வயல் மண். மலையின் சேதி அதில் இல்லை. ஆகவே ஓடை குளத்தில் விழும் இடத்துக்குக் குறைந்தது 100 மீட்டர் மேலே போய் எடுக்க வேண்டும். அதேபோல் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய் குறுக்கிடும் இடங்களில் ஆற்று மணல் வந்து கலந்திருக்கும். கால்வாய்க்கு மேலே போய்விடுங்கள். இரண்டு ஓடை சேரும் இடத்தில் சந்திப்பில் எடுக்காமல், இரண்டிலும் தனித்தனியாக 50 மீட்டர் மேலே எடுங்கள்.

கலப்படம் வேறு வழியிலும் வரும். வாழைக்கு அடிக்கிற செம்பு மருந்து வாய்க்கால் மண்ணில் செம்பை ஏற்றிவிடும். தகரக் கூரை, துத்தநாகம் பூசிய குழாய், பாலத்துச் சாயம், பழைய பேட்டரி, காசு எறியும் படித்துறை எல்லாமே சந்தேகத்துக்குரியவை. நகைத் தொழில் நடக்கும் தெருவின் சாக்கடையில் தங்கம் வரத்தான் செய்யும். அங்கே மண் அரித்துப் பிழைக்கிறவர்களே இருக்கிறார்கள். மாதிரி எடுப்பவர் மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். சல்லடை நைலானிலோ எவர்சில்வரிலோ இருக்கட்டும். பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும் தானே கொடுத்துவிடும்.

நுண்மண் மாதிரிக்கு, ஓடையின் 30 மீட்டர் நீளத்தில் ஐந்தாறு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து 1 கிலோ சேர்க்க வேண்டும். நிழலில் உலர்த்தி, கட்டியை மரக்கட்டையால் தட்டி, 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் மறுபடி சலித்து 100 கிராம் பொடி எடுத்தால் போதும். ராதாபுரம், வள்ளியூர் பக்கம் ஆடிக்காற்று கொண்டுவந்து கொட்டும் பொடி மணல் ஓடைச் சேதியை நீர்த்துப்போகச் செய்யும். அங்கே அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமணலையும் தனியாக ஒரு பையில் எடுத்து வையுங்கள்.

மணல் அரிப்பது

அரிக்கஞ்சட்டியில் அரிசி அரிக்கத் தெரிந்த கைக்குப் பாதி வேலை தெரியும். சட்டியின் வரிகளில் கல் தங்கும், அரிசி மேலே மிதந்து வரும். தங்கம் அரிக்கும் தட்டிலும் அதே கணக்குதான். இங்கே வேண்டியது மட்டும் அடியில் தங்குவது. வெங்கச்சங்கல்லின் (குவார்ட்ஸ்) அடர்த்தி 2.65, கார்னெட் 4 சுமார், கருமணலில் உள்ள இல்மனைட் 4.7, ஈயத் தாதுவான கலீனா 7.5, தங்கம் 19.3. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எல்லாமே.

எடுக்க வேண்டிய இடம் பெரிய பாறைக்குப் பின்புறம், வளைவின் உட்பக்கம், படுபாறையின் வெடிப்பு. மேலே கிடக்கும் வெள்ளை மணலைத் தள்ளிவிட்டு, பாறைமேல் ஒட்டிக் கிடக்கும் சரளைக் கரண்டியால் வழித்தெடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு, 10 லிட்டர். ஓரிடத்தில் ஒரு வாளி, இன்னோரிடத்தில் ஒரு சட்டி என்று எடுத்தால் தங்கப் பொடிகளின் எண்ணிக்கையை ஒப்பிட முடியாது.

40 சென்டிமீட்டர் தட்டில் முக்கால் வரை போட்டு, அகன்ற தொட்டித் தண்ணீருக்குள் முழுக்கி, களிமண் உருண்டைகளை விரலால் கரைத்து விடுங்கள். கரையாத உருண்டை தங்கத்தை ஒட்டிக்கொண்டு வெளியே உருண்டுவிடும். ஒரு துளி சோப்பு நீர் விட்டால் கை எண்ணெய் பட்டு மிதக்கும் நுண்தங்கம் அமிழும். பிறகு தட்டைக் கிடைமட்டமாகப் பிடித்து இடமும் வலமுமாக முப்பது, நாற்பது முறை உலுக்க வேண்டும். இந்த உலுக்கல்தான் உயிர். அவசரக்காரர்கள் இதை விட்டுவிட்டு நேரே கழுவத் தொடங்குவார்கள். கனமானது அடிக்கு இறங்கும் முன்பே தண்ணீரோடு போய்விடும். உலுக்கியபின் முன்பக்கம் சரித்து, தண்ணீரில் முக்கி முக்கி எடுத்து மேல் மணலை வெளியேற்றுங்கள். மூன்று முக்கலுக்கு ஒருமுறை மறுபடி உலுக்கல். ஒரு தட்டுக்குப் பத்து நிமிஷமாவது ஆகும்.

இங்கே ஓர் இடத்தில் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். வேறு ஊர்களில் கடைசியில் ஒரு சிட்டிகைக் கருமணல் மிஞ்சும். நெல்லை ஓடையில் கார்னெட்டும் இல்மனைட்டும் கைப்பிடி கைப்பிடியாக நிற்கும். அதையும் கழுவித் தள்ளிவிடலாம் என்று போனால் நுண்தங்கமும் சேர்ந்து போகும். 50 முதல் 100 கிராம் மிஞ்சும்போது நிறுத்தி, உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தால் மாக்னடைட்டை மட்டும் நீக்குங்கள். நீக்கியதையும் எறியாதீர்கள், எண் போட்டு வையுங்கள்.

மிஞ்சியதை வெள்ளைத் தட்டில் ஒரு மடக்குத் தண்ணீரோடு மெல்லச் சாய்த்தால் வால்போல் நீளும். முன்னால் சிவப்புக் கார்னெட், பின்னால் கரிய இல்மனைட், அதோடு நிறமற்ற சிர்கானும் தேன்மஞ்சள் மோனசைட்டும். வாலின் கடைசி நுனியில் தங்கம் இருந்தால் நிற்கும். பத்து மடங்கு லென்ஸோடு நிழலுக்குப் போய்ப் பாருங்கள். காக்காப்பொன் நிழலில் அணைந்துவிடும், தங்கம் அதே மஞ்சளாக இருக்கும். ஊசியால் அழுத்தினால் தங்கம் நசுங்கும். பைரைட் நொறுங்கிக் கரும்பொடியாகும். மைக்கா ஏடு ஏடாகப் பிரியும். எத்தனை பொடி, எந்த அளவு, முனை மழுங்கியதா கூரானதா என்று எழுதுங்கள். கூரான முனை என்றால் பாறை தூரத்தில் இல்லை.

கையைச் சோதிக்க ஒரு வழி: வலைக்குக் கட்டும் ஈயத்தைக் கடுகளவு துண்டுகளாக வெட்டி, தட்டி, பத்தை எண்ணித் தனி மணலில் கலந்து அரித்துப் பாருங்கள். குறைந்தது ஒன்பது துண்டு திரும்ப வராவிட்டால் களத்துக்குப் போகாதீர்கள். பயிற்சித் தட்டையும் மணலையும் மாதிரி வேலைக்கு எடுக்கவும் கூடாது.

கிணறும் ஆழ்துளைப் போரும்

நெல்லையில் ஒரு வசதி, ஊருக்கு ஊர் வெட்டிய கிணறுகள். கிணற்று மேட்டில் குவித்த கல் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துப் புதுப் பாறை. வெயிலும் மழையும் தின்னாதது. மேல்மண் மூடிய செவல் காட்டில் அடியில் என்ன இருக்கிறது என்று இதைவிட மலிவாகத் தெரியாது. புதிதாகப் போர் போடும் இடத்தில் பத்தடிக்கு ஒரு கைப்பிடித் துகள் வாங்கி வையுங்கள். ஆனால் போர்த் துகளில் டங்ஸ்டன், கோபால்ட் அளவை நம்பாதீர்கள்; அது சுத்தியல் முனைத் தேய்மானம். குழாய் மரைக்குப் பூசும் பசையிலிருந்து செம்பு, ஈயம், துத்தநாகமும் வரக்கூடும்.

மண்ணும் சுக்கானும்

ஓடை காட்டிக் கொடுத்த வடிநிலத்தில் அடுத்தது மண் மாதிரி. நைஸின் அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதற்குக் குறுக்காகக் கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கோடு 200 மீட்டர், கோட்டில் 50 மீட்டருக்கு ஒரு குழி, 20 முதல் 40 சென்டிமீட்டர் ஆழம். திசை பார்க்கும்போது மாக்னடைட் பாறைமேல் காம்பஸை வைத்தால் முள் பொய் சொல்லும். இரண்டடி தள்ளி மறுபடி பாருங்கள்.

தேரியில் இந்த வேலை செல்லாது. சாத்தான்குளம், குதிரைமொழித் தேரிச் செம்மணல் காற்று கொண்டுவந்து குவித்தது. அடியில் இருக்கும் பாறைக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. தேரியில் ஆயிரம் மண் மாதிரி எடுத்தாலும் கிடைப்பது காற்றின் கதை.

சுக்கான் கல் இதற்கு நேர்மாறு. மழை குறைந்த நிலத்தில் நிலத்தடி நீர் மேலேறி ஆவியாகும்போது சுண்ணாம்பு உறைந்து சுக்கானாகிறது. அந்த நீரில் கரைந்து வந்த தங்கமும் அதில் தங்கிவிடும். தென் ஆஸ்திரேலியாவில் சேலஞ்சர் என்ற தங்கப் படிவத்தை 1995இல் கண்டுபிடித்தது சுக்கான் மாதிரியை வைத்துத்தான். அந்தத் தாய்ப்பாறையும் நம்முடையது போல வெந்த நைஸ். உழவு பட்ட மேல்மண்ணுக்குக் கீழே, இடத்தில் உறைந்த சுக்கானைக் கொத்தி ஒரு கிலோ எடுங்கள். சாலைக்குக் கொட்டிய சுக்கான், சூளைப் பக்கத்துச் சுக்கான் உதவாது. இதில் தங்கம் நூறு கோடியில் இத்தனை பங்கு என்ற அளவில்தான் வரும். அந்த நுணுக்கம் உள்ள ஆய்வுக்கூடமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

துருப்பாறையும் வாய்க்கால் வெட்டும்

சல்பைடு (கந்தகம் சேர்ந்த) தாது மேலே வெயில் பட்டால் துருப்பிடித்த, தேன்கூடு போன்ற ஓட்டைப் பாறையாகும். கோசான் என்பார்கள். வெறும் செம்புறைக் கல்லிலிருந்து இதைப் பிரிப்பது ஓட்டைகளின் வடிவம். உள்ளே சதுரம் சதுரமாகச் சுவர்கள் இருந்தால் பைரைட்டோ கலீனாவோ இருந்த இடம். பச்சைக் கறை மாலகைட், நீலம் அசுரைட், வெளிறிய மஞ்சள் ஜாரோசைட். நிறம் தெரியாவிட்டாலும் உடைத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். துத்தநாகம் கறை காட்டாமலே ஓடிவிடும்.

பாறை கிடைத்ததும் பளிச்சென்று இருக்கிற துண்டைப் பொறுக்கி அனுப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்தத் துண்டு உலோகம் உண்டா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அளவுக்கு வாய்க்கால் வெட்டு வேண்டும். பாறையைத் துடைத்து, அடுக்குக்குச் செங்குத்தாக இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டு, 5 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் ஆழத்தில் உளியால் ஒரே சீராக வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு மீட்டருக்கு 4 கிலோ சுமார் வரும். 6 கிலோ வந்தால் மிருதுவான இடத்தில் அதிகம் கொத்தியிருக்கிறீர்கள். மிருதுவானது பெரும்பாலும் சல்பைடு, கணக்கு உயர்ந்துவிடும். கீழே தார்ப்பாய் விரித்துப் பொடியையும் சேர்த்து அள்ளுங்கள். பாறை வகை மாறும் இடத்தில் மாதிரியை முடித்துப் புது எண் போடுங்கள்.

மின்கடத்துத் திறன் பார்க்கும் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை: கோண்டலைட்டில் மின்சாரம் கடத்தும் கிராஃபைட் உள்ளவரை கருவி கூவிக்கொண்டேதான் இருக்கும். மண் வேதியியல் பொய்யென்று சொல்லும் இடத்தில் கருவியை மட்டும் நம்பித் துளை போடாதீர்கள்.

ஆய்வுக்கூடமும் திரும்பி வரும் தாளும்

தங்கத்துக்கு 30 அல்லது 50 கிராம் உலைச் சோதனை (உருக்கித் தங்கத்தைப் பிரித்து அளப்பது), மற்றவற்றுக்கு அமிலத்தில் கரைத்து ஐசிபி (பல தனிமங்களை ஒரே சமயத்தில் அளக்கும் கருவி). 20 மாதிரிக்கு ஒன்று அளவறிந்த தரப்பொடி, ஒன்று உலோகமற்ற வெற்று மாதிரி, ஒன்று இரட்டை (அதே மாதிரியின் இரண்டாம் பங்கு). மூன்றையும் மற்றவற்றின் எண் வரிசையிலேயே ஒளித்து வையுங்கள். வெற்று மாதிரிக்கு ஊர் வெங்கச்சங்கல் வேண்டாம், அதிலேயே தங்கம் இருக்கலாம்.

இரட்டை ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள தங்கப் பொடி ஒன்றின் எடை 80 மைக்ரோகிராம் சுமார். 50 கிராம் பொடிக்குள் அது ஒன்று விழுந்தால் முடிவு டன்னுக்கு 1.6 கிராம். அடுத்த 50 கிராமில் அது இல்லாவிட்டால் பூஜ்யம். பாறை ஒன்றுதான், பை ஒன்றுதான். ஒரே ஒரு பெரிய எண்ணைப் பார்த்ததும் துளைக்கு ஆள் கூப்பிடுவது இதனால்தான் ஆபத்து. மீதிப் பொடியில் இரண்டு முறை மறுசோதனை, பிறகு அதே ஓடைப் புள்ளியில் புது மாதிரி, பிறகு 250 மீட்டருக்கு ஒன்றாக ஓடையின் மேல்நோக்கி. எண் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் சட்டென்று விழுந்தால், விழுந்த புள்ளிக்கும் அதன் கீழ்ப் புள்ளிக்கும் இடையே இரு கரையிலும் வந்து சேரும் கிளை ஓடைகளைப் பாருங்கள். கிளை இல்லையென்றால் அந்த 250 மீட்டரின் இரு பக்கச் சரிவிலும் மண் கோடு போடுங்கள்.

மீதிப் பொடியை ஆய்வுக்கூடத்திலிருந்து கேட்டு வாங்கி, எலி வராத இடத்தில், பைக்குள் ஒரு எண் அட்டையும் வெளியே ஒரு எண்ணுமாக வையுங்கள். வெளி எழுத்து இரண்டு மழையில் அழிந்துவிடும்.